எட்டுக் கை பனிப்பூவும் ஒட்டிக் கொடுக்கும் கிரியேட்டிவிட்டியும்

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் காகிதப் பனி பெய்ய ஆரம்பித்துவிடும். பனிமனிதன், பெங்குவின், கையுறை, அப்புறம் ஸ்நோஃப்ளேக் என்கிற பனிப்பூ... எல்லாமே கலர் பேப்பரில். எந்த மதத்தையும் தொடாத அலங்காரம் என்பதால் அரசுப் பள்ளிகளுக்கும் வசதி. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பல வகுப்புகளில் இருபத்தைந்து பனிமனிதர்கள் தொங்கினால் இருபத்தைந்துக்கும் அதே தொப்பி, அதே கேரட் மூக்கு, அதே மூன்று பட்டன். கீழே இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எது தன் பிள்ளை செய்தது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இதற்குப் பெயர் கிரியேட்டிவ் கிராஃப்ட்டாம்!

இது எப்படித் தயாராகிறது? டிசைன் யாரோ போட்டது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும், காசுக்கும் கிடைக்கும். ஆசிரியர்கள் ஆசிரியர்களுக்கே பாடப் பொருட்களை விற்கும் 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' என்ற சந்தை 2006லேயே வந்துவிட்டது. பிரின்ட் எடுப்பது ஆசிரியர். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வெட்டுவதும் ஆசிரியர். குழந்தையின் பங்கு? பசை தடவி, காட்டிய இடத்தில் ஒட்டுவது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். 1776ல் ஆடம் ஸ்மித் எழுதிய குண்டூசித் தொழிற்சாலைதான். ஒருவர் கம்பியை நீட்டுவார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் கூராக்குவார். பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 48,000 ஊசி. வேலைப் பிரிவினைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஊசி வேண்டுமென்றால் அந்த முறை சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது பனிமனிதன் இல்லையே? அவனைச் செய்யத் தெரிந்த கைதானே வேண்டும்? சரக்கு சுவரில் தொங்குகிறது, கை அப்படியே இருக்கிறது.

சரி, பனிப்பூவாவது குழந்தைகளே வெட்டுகிறார்களே என்று கேட்கலாம். அங்கேதான் அடுத்த கூத்து. காகிதத்தைப் பாதி, மறுபடி பாதி, இன்னொரு முறை பாதி என்று மடித்து வெட்டினால் வருவது நாலு கை அல்லது எட்டுக் கை பூ. இயற்கையில் அப்படி ஒரு பனிப்பூவே கிடையாது! பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் பனிப்பூவுக்கு ஆறு கை. அபூர்வமாக மூன்று, பன்னிரண்டு வரும். எட்டு வராது. ஏன் ஆறு என்று கெப்ளர் 1611லேயே ஒரு குட்டிப் புத்தகம் எழுதி மண்டையை உடைத்துக்கொண்டார். நானூறு வருடம் கழித்தும் வகுப்பறைச் சுவரில் எட்டுக் கை.

ஆறு கை வரவழைப்பது பெரிய வித்தையும் இல்லை. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதைப் பாதியாக மடித்தால் நடுமுனையில் 90 டிகிரி. அந்த 90ஐ மூன்று சம பங்காக, 30 டிகிரி வீதம் மடிக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை நறுக்கிவிட்டு ஓரங்களில் இஷ்டப்படி வெட்டி விரித்தால் ஆறு கை பனிப்பூ. கஷ்டம் அந்த மூன்றாகப் பிரிப்பதில்தான். பாதி மடிப்பது யாருக்கும் வரும். மூன்றில் ஒரு பங்கைக் கண்ணால் அளந்து, தப்பாகி, பிரித்து, திரும்ப மடிக்க வேண்டும். பின்னக் கணக்கு கைக்குப் புரிகிற இடம் அது. டெம்ப்ளேட் அந்த இடத்தைத்தான் பிடுங்கிக்கொள்கிறது.

மடிப்பதில் கணக்கு இருக்கிறது என்று முதலில் பெரிதாகச் சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் நாட்டுக்காரர்! கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரோபெல், காகிதம் மடிப்பதையும் வெட்டுவதையும் பாடமாகவே வைத்தார். அதைப் பார்த்து டி. சுந்தர ராவ் காகித மடிப்பு வழியே வடிவியல் சொல்லும் ஒரு புத்தகத்தை 1893ல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அறுகோணம் மடிக்கத் தனி அத்தியாயமே உண்டு. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைக் குறிப்பிட்டார், 1901ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. இங்கிருந்து அறுகோணம் அங்கே போனது. பதிலுக்கு அங்கிருந்து வந்தது டெம்ப்ளேட். பனியே பெய்யாத ஊரில் யு.கே.ஜி. பிள்ளைக்கு 'வின்டர் சீசன்' சார்ட்டில் அம்மா ராத்திரி பதினொரு மணிக்குப் பஞ்சு ஒட்டுகிறார் :)

இனி வழக்கமான சமாதானங்கள்:

1) நேரம் இல்லை. உண்மைதான். முப்பது நிமிடத்தில் இருபத்தைந்து பேரைச் சமாளிப்பது லேசில்லை. அப்படியென்றால் மாதத்துக்கு நாலு கிராஃப்ட் எதற்கு? ஒன்றை எடுத்து நாலு வகுப்பு செய்யட்டும்.

2) கத்தரிக்கோல் ஆபத்து. முனை மழுங்கிய கத்தரிக்கோல் இதற்காகத்தானே இருக்கிறது? வெட்டக் கொடுக்காமல் வெட்டப் பழகுவது எப்படி?

3) கோணலாக வந்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள்? இதுதான் நிஜக் காரணம். சுவர் குழந்தைக்காக இல்லை, பார்க்க வருகிறவர்களுக்காக. ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன்னால் பெற்றோர் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வில்சன் பென்ட்லி என்ற வெர்மான்ட் விவசாயி வீட்டுப் பையன் மைக்ராஸ்கோப்பில் பனிப்பூவைப் பார்த்து வரைய ஆரம்பித்தான். வரைந்து முடிப்பதற்குள் உருகிவிடும். விடாமல் முயன்று 1885 ஜனவரியில், பத்தொன்பது வயதில், கேமராவில் பிடித்துவிட்டான். சாவதற்குள் ஐயாயிரத்துக்கும் மேல் படங்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது, குளிர்ந்த கறுப்புத் தாளை நீட்டி ஒரு பூவைப் பிடித்து, லென்ஸ் வைத்துக் கை எண்ணிப் பார்க்காமல் பிரின்டரைத் தட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய பிள்ளைகள் 2013 ஜனவரியில் வேறொரு கட்டிடத்தில் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்தச் சுவர்களை நிரப்பக் காகிதப் பனிப்பூக்கள் அனுப்புங்கள் என்று பெற்றோர்-ஆசிரியர் அமைப்பு கேட்டது. போதும், இனி அனுப்பாதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்தன. கடையில் தோரணம் கிடைக்காமலா கேட்டார்கள்? யாரோ ஒருவர் தங்களுக்காக உட்கார்ந்து வெட்டியிருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். கை பட்ட காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு அது.

அந்த மதிப்பைத்தான் வகுப்பறை தினமும் பசை போட்டு மூடுகிறது. குழந்தையிடம் வெள்ளைத் தாளையும் கத்தரிக்கோலையும் கொடுங்கள். கிழியட்டும். ஐந்து கை வந்தால், ஏன் ஐந்து வந்தது என்று கேளுங்கள். அடுத்த தாளை எடுத்துக் கொடுங்கள்.