ஆவாரம்பூத் தேநீர்: எந்த முன்னோர்?

'நம் முன்னோர் அருந்திய பானம்' என்னும் முத்திரையுடன் ஆவாரம்பூத் தேநீர் இன்று இயற்கை அங்காடிகள்தோறும் விற்கிறது. இலக்கியக் கூட்டங்களிலும் பாலும் சர்க்கரையும் இல்லாமல் அதை ஊற்றித் தருகிறார்கள். நாமும் ஏதோ மரபுக் கடமையை நிறைவேற்றியவர்போலக் குடித்துவிட்டு வருகிறோம். குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. கசப்பும் துவர்ப்புமாக நன்றாகவே இருக்கிறது. என் மறுப்பெல்லாம் அந்த முத்திரையின் மீதுதான். அதிலுள்ள 'நம்' என்பதும் 'முன்னோர்' என்பதும் பொய்க்கணக்கு என்பதே என் துணிபு.

முதலில் பெயர். தேயிலைச் செடியிலிருந்து பெறாத எதையும் 'டீ' என்று பெயரிட்டு விற்கக்கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. இதனால் தமிழுக்கு இழப்பேதும் இல்லை. மூலிகைகளைக் கொதிக்கவைத்து வடித்ததற்குச் சித்த மருத்துவத்தில் 'குடிநீர்' என்ற சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீரும் ஊர்தோறும் வழங்கப்பட்டபோது அச்சொல் நம் எல்லோர் நாவிலும் ஏறியது. ஆவாரைக் குடிநீர் என்ற ஒன்றும் உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என ஏழும் சேர்ந்த அது, நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மருந்து. மருந்தென்றால் அளவுண்டு, பத்தியமுண்டு, நாடி பார்ப்பவர் ஒருவருண்டு. ஏழில் ஆறை விட்டுவிட்டு ஒற்றைப் பூவை வெந்நீரில் நனைத்துக் கொடுத்தால் அதே பயன் கிட்டும் என்று எந்த நூலை வைத்துச் சொல்கிறார்கள்? ஆவாரையையும் சாவாரையும் எதுகையாக்கிய பழமொழியை உறையில் அச்சிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு எதுகை துணைவராது.

இப்படிச் சொல்வதால், ஆவாரையை யாரும் காய்ச்சிக் குடித்ததே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். இலங்கையில் சிங்களவர் 'ரணவரா' என்ற பெயரில் இதை இயல்பாக அருந்துகின்றனர். 'மாத்தறைத் தேயிலை' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. நம் வறண்ட நிலத்து மக்களும் காய்ச்சிக் குடித்திருப்பார்கள். ஆனால் அது அவர்கள் வீட்டுப் புழக்கம். அதை எடுத்து 'சங்ககாலத் தமிழரின் பானம்' என்று உயர்த்தும்போதுதான் தமிழ் படித்தவன் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

சங்க இலக்கியத்தில் ஆவிரை எங்கே வருகிறது? குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களுள் ஒன்றாக வருகிறது. குறுந்தொகை 173ஆம் பாட்டிலும் கலித்தொகையின் மடற்பாட்டுகளிலும் வருகிறது. காதலித்தவளைப் பெற இயலாதவன், பனைமடலால் குதிரை செய்து, அதில் ஏறி ஊர்த்தெருவில் வருவான். நாணத்தைக் கைவிட்டேன் என்று ஊரறியச் சொல்வதற்கு அவன் சூடிக்கொள்ளும் பூக்கள் ஆவிரை, பூளை, எருக்கு. எவரும் விரும்பிச் சூடாத, பாதையோரத்துப் பூக்கள். இவ்விடங்களில் எங்கும் யாரும் ஆவிரையைக் குடிக்கவில்லை. ஒரு மனிதன் தன் மானத்தை இழந்ததற்கு அடையாளமாக நின்ற பூவை, உடல்நலத்துக்கு அடையாளமாக மாற்றிவிட்டு, அதற்கும் சங்கப் புலவனையே சாட்சிக்கு அழைப்பது என்ன நியாயம்?

மடலில் சேர்ந்து நின்ற ஆவிரையும் பூளையும் இன்றும் ஓரிடத்தில் சேர்ந்தே நிற்கின்றன. பொங்கலுக்கு முன் கொங்கு நாட்டில் வீட்டு முகப்பிலும் தொழுவத்திலும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டும் காப்பு அது. மரபு என்று ஒன்று தொடர்ந்திருக்கிறதென்றால் இங்கேதான் தொடர்ந்திருக்கிறது. தெலங்கானாவில் பதுக்கம்மா விழாவில் பெண்கள் இதே பூவை அடுக்கி வழிபடுகிறார்கள். அம்மாநிலத்தின் மாநில மலரும் இதுவே. இங்கெல்லாம் பூவுக்கு ஒரு பருவமும் ஓர் ஊரும் இருக்கின்றன. உறையிலடைத்த பூவுக்கு இரண்டும் இல்லை. காலாவதி நாள் மட்டும் இருக்கிறது.

இனி அந்த 'முன்னோர்' யார் என்ற கேள்விக்கு வருவோம். தென்னிந்தியாவில் ஆவாரையை மிகப் பேரளவில் பயன்படுத்தியவர்கள் அதைக் குடித்தவர்கள் அல்லர், தோல் பதனிட்டவர்கள். ஆவாரம்பட்டையின் துவர்ப்புச்சத்துதான் தோலைப் பதப்படுத்தியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, சென்னை மாகாணத்தின் தோல் ஏற்றுமதி இந்தப் புதரை நம்பி நின்றது. ஆங்கிலத்தில் இச்செடிக்கு வழங்கும் பெயரே 'தோல் பதனிடுவோரின் காசியா' என்று பொருள்படும். பட்டையை உரித்து, இடித்து, தொட்டியில் ஊறவைத்து, அந்த நாற்றத்துள் நின்று வேலை செய்த மக்களை நம் ஊர்கள் தீண்டாமல் ஒதுக்கிவைத்தன. ஆவாரையைப் பற்றி எவரையும்விட மிகுதியாக அறிந்திருந்த அந்த முன்னோர், 'நம் முன்னோர்' என்ற உறையில் இருக்கிறார்களா? ஓலைச்சுவடி ஏந்திய தாடிவைத்த முனிவரின் படம் இருக்கிறது. தோல் தொட்டியில் நின்றவர் இல்லை. நறுமணமுள்ள பகுதியை மட்டும் பறித்துக்கொண்டு துர்நாற்றத்தை விட்டுவிடும் மரபுப் பெருமை நமக்குப் பழகியதுதான்.

அடுத்து நிலம். ஆவாரை தோட்டத்துச் செடியன்று. செம்மண் காட்டிலும் கல்லாங்குத்திலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் தானே முளைத்துப் பூப்பது. அந்நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தரிசு, புறம்போக்கு. பின்னதை வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். இந்திய அரசு 2000 முதல் பல பதிப்புகளாக வெளியிட்ட பாழ்நில வரைபட நூலில் 'புதர் நிலம்' என்பதும் ஒரு வகை. அதாவது ஆவாரை பூத்து நிற்கும் நிலம் அரசின் கணக்கில் பாழ். பாழ் என்று எழுதியபின் அதை மனைப்பிரிவாக்குவதும் ஆலைக்குக் கொடுப்பதும் எளிது; பாழானதை 'வளர்ச்சி'க்குக் கொடுத்ததாகப் பெருமையும் பேசலாம். பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கூறியது. ஆனால் அரசே அந்நிலத்தைப் பாழ் என்று எழுதிவைத்திருக்கையில் அதைக் காக்க யார் ஓடிவருவார்? பூவை அமுதம் என்று அருந்திக்கொண்டே, அது பூக்கும் மண்ணைப் பாழ் என்று ஒப்புக்கொள்கிறோம். இந்த முரணைப் பற்றி எந்த இயற்கை அங்காடியும் பேசி நான் கேட்டதில்லை.

"இந்த விற்பனையால் பூப்பறிக்கும் ஏழைப் பெண்களுக்கு வருமானம் கிடைக்கிறதே" என்று வணிக நண்பர்கள் சொல்வார்கள். மெய்யானால் மிக நல்லது. அப்படியானால் உறையின் மீது முனிவருக்குப் பதிலாக, பூ பறிக்கப்பட்ட ஊரின் பெயரையும், பறித்தவருக்குக் கிலோவுக்குக் கொடுத்த விலையையும் அச்சிடட்டும். தென்னாப்பிரிக்காவில் ரூய்போஸ் என்னும் புதர்ச்செடியின் பானம் உலகெங்கும் விற்கிறது. அதன் பயனறிந்த கோய், சான் மக்களுக்கு, பண்ணை விலையில் 1.5 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் அங்கு உடன்பாடு ஏற்பட்டது. தொகை சிறிதுதான். ஆனாலும் 'முன்னோர்' என்ற சொல்லுக்கு அங்கே முகவரி கிடைத்துவிட்டது.

இங்கே நடந்தது எதிர்த்திசை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பயன்பங்கீட்டைப் பேசியது. உள்நாட்டு நிறுவனங்களும் பங்கு கொடுத்தாக வேண்டும் என்று 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் வந்த திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அப்பங்கீட்டிலிருந்து விலக்களித்தது. இதைத்தான் இலக்கிய நண்பர்கள் கவனிக்க வேண்டும். அறிவு ஏட்டில் இருந்தால் பறிப்பவளுக்குப் பங்கில்லை. ஏட்டில் இருப்பதையே பெருமையென்று முழங்கும் நாம், நம்மை அறியாமலேயே அந்த விலக்குக்கு வாதாடுகிறோம். 'சங்கத்திலேயே இருக்கிறது, சித்தர் பாடலிலேயே இருக்கிறது' என்று நாம் மேடையில் சொல்லும் ஒவ்வொரு முறையும், இன்று காட்டில் கைவலிக்கப் பூப்பறிப்பவளின் அறிவு கணக்கிலிருந்து நழுவுகிறது.

ஆகவே இரண்டைக் கேட்கிறேன். விற்பவர்கள் அதைக் குடிநீர் என்றே அழைத்து, மருந்தென்றால் மருந்துக்குரிய எச்சரிக்கையோடு விற்கட்டும். குடிப்பவர்கள் தத்தம் ஊரின் புதர்க்காடு எங்கே இருக்கிறது, ஆவணத்தில் அதற்கு என்ன பெயர், அதை யார் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரிக்கட்டும். உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் அது இருக்கிறதா, கூடுகிறதா என்று கேட்கலாம். அந்தக் காடு போனபின் உறையில் மிஞ்சுவது முனிவரின் படம் மட்டுமே.