மணிக்கணக்கு மட்டும் போதுமா?

போன வாரம் இங்கே புனேயில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் கல்விக் கடனுக்காக எங்கள் கிளைக்கு வந்தார். பையனுக்கு விமானி ஆக ஆசை. கையெழுத்துப் போடும்போது தயங்கினார். "சார், அமெரிக்காவுல 1500 மணி நேரம் பறக்கணுமாம். இங்க 200 மணியில லைசென்ஸ். இவனை நம்பி 180 பேர் உட்காரலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 1500 எப்படி வந்தது தெரியுமா? 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது, 2013-ல் அமலானது. கொடுமை என்னவென்றால், அந்த இரண்டு விமானிகளுமே 2000 மணிக்கு மேல் பறந்தவர்கள்! வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன், மேலே இழுத்துவிட்டார்.

வங்கியில் 20 வருஷம் கவுண்டரில் பணம் எண்ணியவரைத் திடீரென்று கடன் பிரிவில் உட்கார வைத்தால் திணறத்தான் செய்வார். சின்ன விமானத்தில் ஊரைச் சுற்றிச் சேர்த்த மணிகளும் அப்படித்தான். அனுபவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழையும் மேகமும் பறந்தால்தான் பழகும். ஆனால் ஆபத்திலிருந்து மீள்வதை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பத் தப்புச் செய்துதான் கற்க வேண்டும்.

அவரிடம் சொன்னேன்: "எத்தனை மணின்னு மட்டும் கேட்காதீங்க. அந்த மணியில என்ன சொல்லித் தர்றாங்க, யார் சொல்லித் தர்றாங்கன்னு கேட்டுட்டு ஃபீஸ் கட்டுங்க."

தீபாவளிக்கு ஊருக்குப் போக நானும் அந்த விமானத்தில்தானே ஏற வேண்டும்!