பழைய ரேடியோவும் நம் அவசரக் கையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள், அதைத் தாங்களே சரி செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது பழைய செட்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. பழைய இரும்புக் கடையில் ஒரு செட்டை வாங்கி, திறந்து, உள்ளே இருக்கும் கண்டென்சர் அத்தனையையும் மாற்றி, பாட்டுப் பாடவைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனாலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது, ஐம்பது வருஷம் தாங்கிய செட்டுகள் பல, காலத்தால் கெட்டதைவிட நம்மைப் போன்ற ஆர்வக்காரர்களின் சால்டரிங் அயர்னால் கெட்டதே அதிகம் என்று நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது, ஒரு இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தார். "சார், அப்பா வச்சிருந்தது. அவர் போனதுக்கப்புறம் பரண்ல கிடந்துச்சு. ஒரு தடவை பாடிட்டாப் போதும் சார்" என்றார். ஸ்விட்ச் போட்டால் சத்தமே இல்லை. நான் வீடியோ பார்த்த தைரியத்தில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஆறையும் மாற்றினேன். அப்போதும் சத்தம் இல்லை. போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஏரியல் காயிலின் மெல்லிய கம்பி ஒன்று அறுந்தது. அதையும் பற்றவைத்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் போர்டைத் தொடவே இல்லை. மீட்டர் முனையை ஸ்பீக்கரில் வைத்தார், 'கிளிக்' என்று சத்தம் வந்தது. "ஸ்பீக்கர் நல்லாருக்கு சார்" என்றார். அடுத்து இயர்போன் சாக்கெட்டின் இரண்டு தகடுகளையும் ஒரு கம்பியால் இணைத்தார். இரைச்சல் கேட்டது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு இயர்போன் சாக்கெட் வழியாகத்தான் போகும். இயர்போன் செருகினால் ஸ்பீக்கர் துண்டிக்கப்படும். அந்தத் தகட்டில் களிம்பு ஏறினால், செருகாமலே துண்டிக்கப்பட்டுவிடும். அவ்வளவுதான் பழுது. சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் ஸ்டேஷன்கள் ஈனஸ்வரத்தில் கேட்டன. அவர் காயிலைப் பார்த்துவிட்டு, "சார், இந்தக் கம்பியில ஏழு இழை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் எனாமல் பூசியிருக்கு. நீங்க மூணுலதான் லெட் புடிக்க வச்சிருக்கீங்க" என்றார். மெல்லிய உப்புத்தாளால் ஒவ்வொரு இழையையும் தேய்த்து, எல்லாவற்றிலும் லெட் ஏற்றி, சேர்த்து வைத்தார். ரேடியோ பாடியது. நான் மாற்றிய ஆறு கண்டென்சரில் ஒன்று தலைகீழாக இருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவற்றை எழுதுகிறேன்.

முதலில், சால்டரிங் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். முன்பு தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவார்களே, நினைவிருக்கிறதா? பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, நவச்சாரம் தூவித் துடைத்து, பிறகுதான் ஈயத்தை வைப்பார்கள். சூடான பாத்திரத்தில் ஈயம் தானாக உருகிப் பரவும். அழுக்குப் பாத்திரத்தில் ஒட்டாது. நாம் செய்வதும் அதே வேலைதான். உலோகம் சுத்தமாக இருக்க வேண்டும், உலோகமே சூடாக வேண்டும். அயர்ன் நுனியில் லெட்டை உருக்கி எடுத்துப்போய் இணைப்பின் மேல் அப்புவது தவறு. கீழே உள்ள கம்பி குளிர்ந்திருப்பதால் லெட் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர பிடித்திருக்காது. மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்வதில் பாதி இதுதான். நுனியால் கம்பியையும் போர்டின் செம்பையும் ஒருசேரத் தொட்டு, ஒரு நொடி பொறுத்து, லெட்டை அந்த இணைப்பில் வைக்க வேண்டும். பரவியதும் லெட்டை எடுத்து, பிறகு அயர்னை எடுக்க வேண்டும். மொத்தம் இரண்டு மூன்று நொடி. ஆறும் வரை அசைக்கக் கூடாது, ஊதவும் வேண்டாம்.

நவச்சாரம் என்றேன், ஆனால் ரேடியோவுக்குள் அது கூடவே கூடாது. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸும் கூடாது. அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், சில மாதங்களில் செம்பைத் தின்றுவிடும். லெட்டுக்குள்ளேயே ரோசின், அதாவது பைன் மரப் பிசின் இருக்கும் வகையே போதும்.

எந்த லெட்? நம் வழக்கில் வெள்ளீயம், காரீயம் இரண்டையுமே ஈயம் என்றுதான் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். சால்டரிங் லெட்டில் இரண்டும் உண்டு. 60/40 என்றால் வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. 63/37 வகை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், சட்டென்று இறுகும். 60/40 அதற்குச் சற்று மேலே சில டிகிரி கூழ் போல இருக்கும், அந்த நேரத்தில் அசைந்தால் விரிசல் விழும். புதிய கருவிகளில் காரீயம் இல்லாத லெட்தான் வருகிறது. 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் புதுக் கருவிகளில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு. அது சரியான முடிவே. ஆனால் அந்த வகை உருக சுமார் 217 டிகிரி வேண்டும். பழைய பழுப்பு நிற போர்டில் செம்புப் பட்டையைப் பிடித்திருக்கும் பசை ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். கூடுதல் சூட்டில் பட்டை உரிந்து வரும். அதனால் பழைய செட்டுக்குப் பழைய லெட்டே சரி என்பது என் கருத்து. 22 கேஜ் கம்பி வாங்கினால் அளவு மீறாது.

காரீயத்தைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு எச்சரிக்காமல் இருக்க முடியாது. சால்டரிங் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகக் குறைவு. கண்ணில் படும் புகை ரோசின் புகை, அது மூச்சுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைப் புகைக்கு நேராகக் கொண்டுபோகாமல் வேலை செய்யுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக வாய்க்கு. மூன்றாவது கை இல்லாத குறைக்கு லெட் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டு மேஜையில் இதைச் செய்யாதீர்கள். பேரக் குழந்தைகள் தவழும் தரையில் லெட் துணுக்கு விழக் கூடாது.

அயர்ன் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். சூடு குறைவான அயர்ன் பாதுகாப்பு என்று எண்ணி, பத்து நொடி அழுத்திப் பிடித்திருப்பார்கள். பட்டை உரிவதும், உள்ளே பிளாஸ்டிக் உருகுவதும் அப்போதுதான். நுனி சுத்தமாக, பளபளப்பாக, தேவையான சூட்டில் இருந்தால் இரண்டு நொடியில் வேலை முடிந்துவிடும். சாதாரண போர்டுக்கு 25 வாட் போதும். வால்வு செட்டின் சேஸிஸ் தகட்டில் எர்த் கம்பி வைக்க அது போதாது, 60 வாட்டாவது வேண்டும். ஏசி 128, ஓசி 71 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தால், காலை நோஸ் பிளையரால் கவ்விக்கொண்டு பற்றவையுங்கள். சூடு பிளையருக்குப் போய்விடும்.

பழைய பாகத்தைக் கழற்றும்போது, காய்ந்த இணைப்பில் முதலில் சிறிது புது லெட் வையுங்கள். பிறகு பம்ப் வைத்து உறிஞ்சினால் முழுதாக வரும். வால்வு செட்டில் கால்களைத் தகட்டில் சுற்றி முறுக்கியிருப்பார்கள். அதைப் பிடுங்கி இழுத்தால் தகடு உடையும். பழைய பாகத்தின் கால் கொஞ்சம் மிஞ்சும்படி வெட்டிவிட்டு, புதியதன் காலைச் சுருளாக்கி அதில் கோத்துப் பற்றவைப்பது எளிது. தொடங்கும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தலைகீழ்க் கண்டென்சர் நேர்ந்தது படம் எடுக்காததால்தான். ஐ.எஃப். காயில்களின் தலையில் இருக்கும் திருகை மட்டும் திருப்பவே திருப்பாதீர்கள்.

"அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா?" என்று கேட்பீர்கள். வால்வு செட்டில் மாற்றியே ஆக வேண்டியவை சில உண்டு. அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர் அதில் முதலாவது. பழைய பேப்பர் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். உப்பிப்போன ஃபில்டர் கண்டென்சரும், மெயின்ஸ் லைனில் நேரடியாக நிற்கும் கண்டென்சரும் அப்படித்தான். மெயின்ஸுக்கு அதற்கென்றே தரச்சான்று பெற்ற பாதுகாப்பு வகையைத்தான் போட வேண்டும். மற்றதையெல்லாம் அளந்து பார்த்து, கெட்டிருந்தால் மட்டும் மாற்றலாம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். பத்தை ஒரே நாளில் மாற்றினால், தவறு எதில் என்று தேடுவதற்கே பத்து நாள் ஆகும்.

உயிர் சம்பந்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வால்வு செட்டில் 200, 250 வோல்ட் டிசி சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் இறக்கி, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஏசி/டிசி செட் என்று ஒரு வகை உண்டு. அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சேஸிஸே கரண்ட் லைனில் ஒரு முனையாக இருக்கும். பிளக் மாறினால் இரும்புச் சட்டம் முழுக்க 230 வோல்ட். நீண்ட நாள் கிடந்த செட்டுக்கு சீரியஸ் பல்பு போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அது செட்டைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவர்கள் அந்த வகையைத் திறக்கவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பள்ளியில் சிலேட்டில் எழுதிப் பழகிய பிறகுதான் நோட்டைக் கொடுப்போம். இதிலும் அதே முறைதான். பழைய சிடி பிளேயர், கெட்டுப்போன சார்ஜர் என்று ஏதாவது குப்பை போர்டு வாங்கி, ஐம்பது இணைப்பாவது கழற்றி மாட்டிப் பழகுங்கள். அப்பாவின் ரேடியோ பயிற்சி நோட்டு அல்ல.

கடைசியாக ஒன்று. அந்த மெக்கானிக் அன்று என்னிடம் கேட்ட கூலி நூறு ரூபாய். என் ஆறு கண்டென்சருக்கும், இரண்டு நாள் உழைப்பிற்கும் சேர்த்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. "அஞ்சு நிமிஷ வேலைக்கு நூறா" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் பழகியதால்தான் அது ஐந்து நிமிட வேலை. ஊருக்கு ஒருவர் இருவர்தான் இப்படி மிஞ்சியிருக்கிறார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் சொல்லித் தருவார்கள். நான் இப்போது வாரம் ஒரு நாள் அவர் கடையில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன்.

ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பரவால்ல சார், இப்பப் பாடுதே" என்றார். பாடாமல் போயிருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் என் தவறுகளைத் திருத்துங்கள். செட்டைத் திறக்கப் போகிறவர்கள், முதலில் இயர்போன் சாக்கெட்டைப் பாருங்கள்.