அருள் வந்தா மட்டும் போதுமா?

கவிதை எழுதற நம்ம மக்கள்கிட்ட ஒரு பழக்கம். "நான் எழுதலைங்க, அதுவா வந்துச்சு" என்று சொல்லிப் பதிவில் போட்டுவிடுவோம். 'இந்த வரியைக் கொஞ்சம் மாத்தலாமே' என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அருளில் வந்ததை எப்படித் திருத்தறதாம்! நானும் இப்படிச் சொல்லித் திரிஞ்சவன்தான், ஹி..ஹி..

இதில் என் வாயை அடைத்தவர் அரவிந்தர். எங்க விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், பாண்டிச்சேரியில் 1910 முதல் 1950-இல் மறையும் வரை இருந்தவர். யோகி என்று எல்லாருக்கும் தெரியும். கவிஞர், மொழிபெயர்ப்பாளர் என்பதைப் பாதிப் பேர் மறந்துடறோம். ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, சமஸ்கிருதம் எல்லாம் தெரிந்த மனுஷன். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டதால், தாய்மொழி வங்காளத்தை வளர்ந்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றார்.

கவிதையின் உச்சம் மந்திரம் என்பது அவர் கட்சி. கவிஞன் அதை யோசித்துக் கட்டுவதில்லை, உள்ளே ஆழத்தில் கேட்கிறான். 1917 முதல் 1920 வரை 'ஆர்யா' இதழில் இதைத் தொடராகவே எழுதினார். 'அப்போ அதுவா வர்றதுதானே?' என்று நீங்க கேட்கலாம். இங்கேதான் மேட்டரே இருக்கு.

அவருடைய 'சாவித்திரி' காவியத்தின் முதல் பிரதி 1916-இல் எழுதியது. 1950 வரை, 34 வருஷம், அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய 24,000 வரி! தவத்தில் ஒரு படி ஏறினால், அங்கிருந்து பார்த்துப் பழைய வரிகளை மறுபடி எழுதுவாராம். கண் பார்வை மங்கிய பிறகு, அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார்.

மொழிபெயர்ப்பும் இப்படித்தான். 1915-இல் நம்மாழ்வார், ஆண்டாள் பாசுரங்களை ஆங்கிலத்தில் தந்தார். தமிழ் அவருக்கு இடையில் வந்த மொழி. அப்போது அதே ஊரில் இருந்த பாரதியின் உதவியோடுதான் செய்தார். அடுத்தவர் பாட்டை மொழிபெயர்க்கும்போது 'அதுவா வந்துச்சு' செல்லுபடியாகாது. நம்ம 'நான்' ஓரமாகப் போய் நிற்க வேண்டும். இதைவிடப் பெரிய தவம் எது?

உண்மையைச் சொல்லிடறேன், சாவித்திரியை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. அந்தப் பழைய பாணி ஆங்கிலம் கண்ணைக் கட்டுது. அது மேலிருந்து வந்ததா என்று தீர்ப்பு சொல்லவும் எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மந்திரம் என்று சொன்னவரே 34 வருஷம் திருத்தினார் என்றால், நாம எந்த மூலைக்கு?

எங்க ஊர் செராமிக் பொம்மையையே பாருங்க. அச்சில் ஊற்றியதும் உருவம் வந்துடும். அத்தோடு முடிஞ்சுதா? பதமாகக் காயணும், அவசரப்பட்டால் விரிசல். அப்புறம் சூளை. மெருகு பூசினால் மறுபடியும் சூளை. அருள் என்பது அச்சில் ஊற்றுகிற அந்தக் கணம் மட்டும்தான் என்று எனக்குத் தோணுது. மிச்சமெல்லாம் நெருப்பு.

நீங்க என்ன நினைக்கறீங்க?

டிஸ்கி: இந்தப் பதிவை நாலு தடவை திருத்தினேன். அப்படியும் மொக்கையாக இருந்தால் சூளையைக் குறை சொல்லாதீங்க, மண்ணு அப்படி :-)