15 நாளில் முடிகிற பொறுப்பு

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலை 2018-ஆம் ஆண்டிலிருந்து எத்தனையோ முறை புரட்டித் திருத்தியவர்கள், மருத்துவமனையை விட்டு வெளியேறிய நோயாளிக்கு 15 நாள் வரைதான் மருந்தும் பரிசோதனையும் என்ற ஷரத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருப்பது, புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த இளம் பெண்களின் விஷயத்தில் மன்னிக்க முடியாத அலட்சியம் என்பதே நம் அபிப்பிராயம். மற்ற நோயாளிகளுக்கு அந்த வரம்பு நியாயமா என்ற விவாதம் தனியே நடக்கட்டும். இந்தப் பெண்களுக்கு அடுத்த கஷ்டம் ஆரம்பமாவதே அந்த 15 நாள் கழிந்த பிறகுதான்.

நம் பக்கத்து நிலைமையை எல்லோரும் அறிவோம். திண்டிவனத்துப் பெண் கிளியனூர், மொரட்டாண்டி வழியாகப் பஸ்ஸில் வந்து கோரிமேட்டில் இறங்கிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குள் நுழைகிறாள். விழுப்புரத்துப் பெண் கோலியனூர், கண்டமங்கலம் வழியாக அதே வாசலுக்கு வந்து சேர்கிறாள். வேறு சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். மாதக் கணக்கில் கீமோ ஏற்றிக்கொண்டு, கொட்டிப்போன முடி மறுபடி முளைக்கத் தொடங்குகையில், நோய் அடங்கிவிட்டது என்ற நல்வார்த்தையோடு வீடு திரும்புகிறார்கள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு நடந்து முடிந்தும், பதினாறு வயதாகியும், தன் மகள் பெரியவளாகவில்லையே என்ற கவலை நெஞ்சை அரிக்கத் தொடங்கும்போது, பெற்றவள் அதை மருத்துவரிடம் கேட்கக் கூசி, அக்கம்பக்கத்தார் காதில் விழாதபடி எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் கொடுத்துப் பார்க்கிறாள்.

உளுந்தங்களியால் தீர்கிற விஷயமன்று இது. சைக்ளோஃபாஸ்பமைடு, புரோகார்பசின் போன்ற மருந்துகளும், இடுப்புப் பகுதியில் செலுத்தும் கதிர்வீச்சும், புற்றணுக்களோடு சினைப்பையிலுள்ள முட்டைகளையும் அழித்துவிடக் கூடியவை. பிறக்கும்போதே அமைந்துவிட்ட இருப்பு அது. அழிந்தால் மறுபடி ஊறுவதில்லை. முட்டைகளோடு ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் போய்விட, ஐம்பதை நெருங்கும்போது வரவேண்டிய நிலை இருபதுக்கு முன்பே வந்து, எலும்பு வலுவிழந்து, இதய நோய்க்கு இடம் உண்டாகி, உடம்பில் அனல் பரவி, உறக்கமும் கெடுகிறது. பரிகாரம் இல்லாமலில்லை. வயதுக்கு வராத சிறுமிக்கு எஸ்ட்ரடயாலை மிகச் சிறிய அளவில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் முழு அளவுக்கு உயர்த்துவதும், பிறகு கர்ப்பப்பையின் பாதுகாப்புக்குப் புரோஜெஸ்டிரோன் சேர்ப்பதும், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை, ஏறத்தாழ 50 வரை, இடையிடையே எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்துக்கொண்டு தொடர்வதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கிரமம். முப்பது ஆண்டுக்கு மேல் நீளும் வைத்தியத்துக்குச் சர்க்கார் அளந்து கொடுப்பது 15 நாள்!

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் ஜனங்களிடம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பரிசோதனை, மார்பகப் புற்று கூடுவதைக் கண்டு பாதியில் நிறுத்தப்பட்டபோது எழுந்த பீதி அது. அந்தப் பெண்கள் 50 முதல் 79 வயது வரையானவர்கள். இளவயதில் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் வைத்தியத்தை அந்த முடிவைக்கொண்டு நிறுக்கக் கூடாது. மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு இந்த மருந்து பொதுவாக ஆகாது என்பதும் உண்மையே. அந்தப் பேதத்தை எடுத்துச் சொல்லத்தான் ஒரு மருத்துவரின் தொடர்ந்த மேற்பார்வை வேண்டும். பட்டியல் வெட்டிவிட்டதோ அந்த மேற்பார்வையைத்தான்.

இன்னொரு வாசலையும் அதே பட்டியல் அடைத்திருக்கிறது. கீமோ தொடங்குமுன் சினைப்பையின் மேற்புறத் திசுவைக் கீற்றாக எடுத்து, மைனஸ் 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனில் பாதுகாத்து, நோய் தீர்ந்தபின் மறுபடி பொருத்தும் முறையினால், பெல்ஜியத்தில் டாக்டர் ழாக் டோனெஸ் குழுவினர், 1997-இல் ஹாட்ஜ்கின் நோய்க்காகத் திசு எடுத்து வைத்த பெண்ணுக்கு 2003-இல் அதைப் பொருத்தினார்கள். சில மாதங்களில் மாதவிலக்கு திரும்பியது. 2004-இல் குழந்தையும் பிறந்தது. ரத்தப் புற்றுக்கு இது உகந்ததன்று. ஆயினும் வயதுக்கு வராத சிறுமியின் முட்டைகளைக் கீமோவிலிருந்து காக்க வேறு வழியில்லை. பிள்ளையில்லாதவரின் செயற்கைக் கருத்தரிப்பை விலக்கி வைக்கும் ஷரத்தில், உயிர் காக்கும் மருந்தாலேயே சினைப்பையை இழக்கப்போகிற சிறுமிக்கு ஒரு விதிவிலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது இது முதல் தடவையும் அன்று. 2021-இல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம், 21-க்கு மேல் 50-க்குள் உள்ள பெண்ணுக்கே சேவை என்று வயதை நிர்ணயித்தபோது, பதினான்கு வயதில் புற்றுநோய் கண்ட பெண்ணை நினைக்கவில்லை. 2023 மார்ச்சில் வாடகைத்தாய் விதியைத் திருத்தி, தானமாகப் பெறும் முட்டையைத் தடை செய்து, சினைப்பை செயலிழந்த மனைவிமார் அனைவரையும் ஒரே கையெழுத்தில் வெளியே தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 பிப்ரவரியில்தான் அது தளர்ந்தது. நோயாளியின் முகத்தைப் பாராமல் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும், கோர்ட்டோ பத்திரிகையோ இடித்துரைத்தாலன்றி அசையாதிருப்பதும் இவர்களுக்குப் பழக்கமாகிவிட்டன.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. பட்டியல் அடுத்த தடவை திருத்தத்துக்கு வரும்போது, புற்றுநோய் மருத்துவர்களையும் பெண்கள் நல மருத்துவர்களையும் அழைத்துவைத்துக் கேட்டு, இந்தப் பெண்களுக்கு உரிய ஏற்பாட்டை எந்த வகையிலேனும் செய்யட்டும். அதன் விவரங்களை அவர்களே தீர்மானிக்கட்டும். எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் இப்போதே பகிரங்கமாக அறிவித்தாக வேண்டும்.