மடுல்கெல்லயின் மண்ணைத் தின்றவர் யார்?

மலைக்காடு அழிவதற்குத் தோட்டத் தொழிலாளி பொறுக்கும் விறகே காரணமென்று கூறுவோர் உளர். மடுல்கெல்லயின் சரிவுகள் இக்கூற்றைப் பொய்யாக்குகின்றன. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள சிங்களச் சொல் காட்டைக் குறிப்பது. இன்று காடு எஞ்சியிருப்பது பெரிதும் அப்பெயரில்தான்.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காணிகளை முடிக்குரியனவாக்கிற்று. தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்குத் துரைமார் கைக்குப் போயிற்று. காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டனர். கோப்பியை நோய் தின்றபின் தேயிலை நட்டனர். புல் பூண்டின்றி நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. போர்வையிழந்த மேல்மண் மழைதோறும் ஓடையில் இறங்கிற்று. சுரண்டி பிடித்த கை தொழிலாளியினது, ஆணையோ அவனுடையதன்று. காடு எனத் தப்பிய நக்கிள்ஸ் உச்சிகளிலும் ஏலச் செய்கைக்காகக் கீழ்வளர்ச்சி அழிக்கப்பட்டது.

2010 இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. மகிழ்ச்சியே! ஆனால் எல்லைக்கல்லுக்குக் கீழே கரையும் மண்ணைக் கேட்பாரில்லை. ஹுளுகங்கை அதனை 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்திற் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

1951 ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்துவிட்டது. 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பனிகள்மீது முதலில் அது பாயட்டும். விறகுக்கட்டைச் சுமந்து லயனுக்குத் திரும்பும் பெண்ணை விசாரிப்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.