சிறிய காருக்குப் பெரிய எஞ்சினா?

சிறிய மோட்டார் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெரிய எஞ்சினை வைக்க ஆசைப்படுவோர் பல நாடுகளில் உண்டு. முன்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு ஓட்டம், லேசான உடல் - இப்படிப்பட்ட கார்தான் அவர்கள் கண்ணில் படுகிறது.

ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது? அங்கேதான் நிதானம் வேண்டும். இங்கிலாந்தின் இரண்டு சிறிய கார்களின் கதை இதற்கு நல்ல பாடம்.

வென்ற கார்

ஏ.சி. கம்பெனி 1953-ல் 'ஏஸ்' என்ற காரை வெளியிட்டது. பிறகு அதில் பிரிஸ்டல் கம்பெனியின் 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1961-ல் அந்த எஞ்சினுக்கு முடிவு வந்தது. அப்போது அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, ஏ.சி. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். "8 சிலிண்டர் எஞ்சினை வைக்கலாமே" என்பது அவர் யோசனை.

போர்டு கம்பெனி அந்தச் சமயத்தில் மெல்லிய வார்ப்பில் ஒரு புதிய எஞ்சினைச் செய்திருந்தது. சக்தி பெரிது, எடையோ அவ்வளவாகக் கூடவில்லை. 1962-ல் 'கோப்ரா' பிறந்தது. பந்தயங்களில் வென்றது. புகழ் பெற்றது.

எஞ்சினை மாற்றியதோடு வேலை முடிந்ததா? இல்லை! பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியையும் பலமானதாக மாற்றினார்கள். 7 லிட்டர் எஞ்சினை வைத்தபோது, காரின் அடிச்சட்டத்தையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

நின்ற கார்

ரூட்ஸ் கம்பெனி 1964-ல் 'சன்பீம் டைகர்' காரைக் கொண்டுவந்தது. 'ஆல்பைன்' என்ற சிறிய காரில் போர்டு எஞ்சினைத் திணித்தார்கள். இடம் போதவில்லை. ஸ்டியரிங் அமைப்பை மாற்ற நேர்ந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, ஆள் உட்காரும் பக்கத்திலிருந்து ஒரு துவாரத்தின் வழியே கைவிட வேண்டும்! எஞ்சின் சூடும் தொல்லை கொடுத்தது.

பிறகு ரூட்ஸ், கிரைஸ்லர் கம்பெனியின் கைக்குப் போயிற்று. போட்டியாளரின் எஞ்சினை வைத்து விற்க யாருக்கு மனம் வரும்? கிரைஸ்லரின் சொந்த எஞ்சினோ அந்த இடத்தில் அடங்கவில்லை. 1967-ல் 'டைகர்' நின்றது.

கேட்க வேண்டியவை

எஞ்சின் மாற்ற நினைப்பவர் குதிரை சக்தியை மட்டும் பார்த்தால் போதாது. எடை எவ்வளவு? முன்பக்கம் கனத்தால், திருப்பத்தில் கார் சொன்னபடி கேட்காது. இடம் இருக்கிறதா? பழுது பார்க்கக் கை நுழையுமா? உதிரிச் சாமான் தொடர்ந்து கிடைக்குமா? கியர் பெட்டியும் பின் அச்சும் தாங்குமா? ரேடியேட்டர் சூட்டைத் தணிக்குமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் நிறுத்துமா? ஓடுவதற்குச் செலவழிப்பவர், நிற்பதற்கும் செலவழிக்க வேண்டும். பணம் குறைவு என்றால் சிறிய எஞ்சினே போதும். அதே காரின் பிந்திய மாடலில் வந்த எஞ்சின் பெரும்பாலும் தொல்லை குறைந்தது.

சட்டமும் உண்டு. பிரிட்டனில் எஞ்சினை மாற்றினால், வாகனப் பதிவகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது ஆபத்து.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். அந்தக் காரில் ஏறப் போவது ஓட்டுகிறவர் மட்டுமல்ல. அவரை நம்பிய மனைவி மக்களும்தான். எதிரே சாலையைக் கடக்கும் குழந்தைக்கு எஞ்சினின் பெருமை தெரியாது. கார் நின்றால் போதும்!